எம்.பி.யோட மார்க் ஷீட் பார்த்திருக்கீங்களா?

"ஏற்போர் ஆம் என்க... மறுப்போர் இல்லை என்க..."

நம்ம சட்டசபையில் சபாநாயகர் சொல்லும் இந்த வரியை டி.வி.யில் கேட்டிருப்பீங்க. ரெண்டு பக்கமும் சத்தம் எழும்பும். எந்தப் பக்கம் அதிகம்னு சபாநாயகர் சொல்றாரோ அதுதான் முடிவு. மசோதா நிறைவேறியது!

சரி, உங்க தொகுதிக்காரர் 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா, இல்லே கேன்டீன்ல காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரா? தெரியாது. குரல் வாக்கெடுப்பில் பெயர் பதிவாகாது.

அஞ்சு வருஷம் கழிச்சு அதே மனிதர் கும்பிட்டபடி உங்க தெருவுக்குள் வருவார். "இன்னொரு வாய்ப்பு கொடுங்க" என்பார். ஒரு செமஸ்டர் முடிஞ்சாலே நம்ம மார்க்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிடறாங்க. பத்து செமஸ்டர் முடிச்சவரோட மார்க் ஷீட்டைப் பார்க்காமலே பாஸ் போடலாமா?

பட்டனைத் தட்டினால் பதிவு!

குரல் வாக்கெடுப்பு முடிவை ஏற்காமல் உறுப்பினர்கள் 'டிவிஷன்' கேட்டால்தான் கதை மாறும். நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு சீட்டிலும் பட்டன் இருக்கு. பச்சை என்றால் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. யார் எதைத் தட்டினார் என்பது பெயரோடு பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் டிவிஷன் கட்டாயம்.

ஒரு ஓட்டுல என்ன ஆகிடும்னு கேட்காதீங்க. 1999 ஏப்ரல் 17-ந் தேதி வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது 269-க்கு 270 என்ற கணக்கில்தான்.

கொறடா கையில் கடிவாளம்

அப்போ ஓட்டுப் பதிவை மட்டும் பார்த்தா போதுமா? அங்கேதான் சிக்கல். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலோ பதவியே போகலாம். முன் அனுமதி வாங்கியிருக்கணும். இல்லையென்றால், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்கணும். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டது.

அதனால், உங்க எம்.பி.யின் ஓட்டு பெரும்பாலும் அவர் கட்சியின் ஓட்டுதான். "நான் என்னங்க பண்றது, கட்சி முடிவு" என்று அவர் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி? அந்தக் கட்சியின் சின்னத்தில்தானே மறுபடியும் நிற்கிறார்! அப்போ அந்த முடிவுக்கும் அவர்தான் பதில் சொல்லணும்.

பேச்சு ஒண்ணு, ஓட்டு ஒண்ணு

2012 டிசம்பர் 5. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு வேண்டாம் என்ற தீர்மானம் மக்களவையில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 218, எதிர்ப்பு 253. தீர்மானம் தோற்றது. அந்நிய முதலீட்டை விமர்சித்த தி.மு.க., அரசுக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டது. எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் கட்சிகள் வெளிநடப்பு செய்தன.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 பேரும் ஆதரவு. அந்த 11 ஓட்டு மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114-க்கு 116! மாநிலங்களவை எம்.பி.க்களைத் தேர்ந்தெடுப்பது யார்? நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள்தான்.

இந்த முடிவுகள் சரியா, தப்பா? அது உங்க தீர்ப்பு. ஆனா மேடைப் பேச்சை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீங்க என்பதுதான் விஷயம்.

'வெளிநடப்பு' என்ற செய்தியைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நில்லுங்க. 2016 ஆகஸ்ட் 3-ல் ஜி.எஸ்.டி. திருத்தம் மாநிலங்களவையில் 203-க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்த்த அ.தி.மு.க. வெளிநடப்பு செய்ததால், பதிவேட்டில் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லை. வெளியே போனவர் எதிர்த்தவராகக் கணக்கில் வர மாட்டார்.

கட்சி தடுக்காத இடங்கள்

தனி ஆளாக அவர் எப்படின்னு தெரியணுமா? கொறடாவின் பிடி தளரும் இடங்களைப் பாருங்க.

* கேள்விகள்: உங்க ஊர் ரயில், மீனவர், கல்விக் கடன் பற்றி ஏதாவது கேட்டாரா? எண்ணிக்கையைவிட என்ன கேட்டார் என்பது முக்கியம்.

* விவாதம்: தலைவரைப் புகழ்ந்தது போக, மசோதாவைப் பற்றி எத்தனை நிமிஷம் பேசினார்?

* தனிநபர் மசோதா: திருநங்கை, திருநம்பி உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. சட்டமாகவில்லை, ஆனால், பேச்சு நாடு முழுக்கப் பரவியது. 2019-ல் அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

* வருகை: இது ஆரம்ப மார்க் மட்டும்தான். நூறு சதவீதம் வந்து கடைசி பெஞ்சில் தூங்கியவரை நம்ம கிளாஸ்லயே பார்த்திருக்கோமே! இன்னொண்ணு, அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அவர்கள் கேள்வி கேட்பதும் இல்லை, பதில் சொல்பவர்கள். அவர்களுக்கு இந்த அளவுகோல் செல்லாது.

மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் கேள்வி, விவாதம் எல்லாம் கிடைக்குது. பி.ஆர்.எஸ். என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிப் பக்கமே வைத்திருக்கு. அரை மணி நேரம் போதும். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா, உங்க தொகுதி மார்க் ஷீட் ரெடி.

அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது, "ரோடு எப்போ போடுவீங்க?" என்று தாராளமாகக் கேளுங்க. கூடவே இதையும் கேளுங்க: "போன தடவை நாங்க அனுப்பினோமே... அங்கே எந்த பட்டனைத் தட்டினீங்க, ஏன்?"

பதில் சொல்லத் தடுமாறுகிறவருக்கு இன்னும் அஞ்சு வருஷம் கொடுப்பதா வேண்டாமா என்பதை, உங்க விரல் மை முடிவு பண்ணட்டும்!