இந்த முறை கூடாரத்தை நாங்களே தெரிவு செய்தோம்

ஆவணி விடுமுறைக்கு இரண்டு இரவு எங்கேயாவது போய்த் தங்கி வருவோம் என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். விடுதி வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, கூடாரம் கொண்டு போவோம் என்று அடுத்த வசனத்தைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. சிறிது நேரம் கழித்து எங்களில் மூத்த அக்கா, "கூடாரமோ? நான் படுத்தது காணும் பிள்ளை" என்றார்.

அவர் சொன்னதை அங்கே இருந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டில் நாங்கள் எல்லோரும் முகாமில் இருந்தவர்கள். அந்த வருட ஆவணி மழையில் கூடாரத்துக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தோம். அப்படிப்பட்டவர்களிடம் காசு செலவழித்துக் கூடாரத்தில் போய்ப் படுப்போம் என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

எனக்கு அந்த எண்ணத்தைத் தந்தவள் என் மகள். மீள்குடியேறிய பிறகு பிறந்தவள். பாடசாலைப் பெண் சாரணியத்தில் சேர்ந்து ஒருமுறை பாசறைக்குப் போய் வந்தாள். கூடாரத்தில் படுத்ததைப் பற்றி ஒரு கிழமை ஓயாமல் கதைத்தாள். அவளுக்குக் கூடாரம் என்றால் தோழிகளும் பாட்டும் சுடச்சுடத் தேத்தண்ணியும்தான். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு விடயம் விளங்கியது. எங்களை வருத்தியது கூடாரத் துணி அல்ல. அதற்குள் போகச் சொன்னவர்களும் நாங்கள் அல்ல, எப்போது வெளியே வரலாம் என்று சொன்னவர்களும் நாங்கள் அல்ல. அதுதான் வருத்தியது.

ஆகவே மூன்று விடயங்களை முதலே பேசி முடிவு செய்தோம். விருப்பம் இல்லாதவர் வரத் தேவையில்லை. வராததற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. நடுவில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாராவது நினைத்தால், ஒருவர் துணைக்குப் போவார். அதற்கான பஸ் காசு தனியாக எடுத்து வைக்கப்படும். எந்த நாள் போவது, எந்த நாள் திரும்புவது என்பதை எல்லோருமாக எழுதி வைப்போம். இவ்வளவையும் கேட்ட பிறகு அக்கா, "சரி, சாமான் வாங்கப் போகேக்க நானும் வாறன்" என்றார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சாமான் வாங்க வருகிறேன் என்றுதான் சொன்னார்.

கூடாரம் வாங்கும்போது

கடையில் முதலில் எடுத்துக் காட்டியது வெள்ளைக் கூடாரம். அக்கா கையை எடுத்துவிட்டார். நீலமும் வேண்டாம் என்றோம். வெள்ளையும் நீலமும் எங்களுக்கு நிவாரணத் தறப்பாளின் நிறங்கள். பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு கூடாரங்கள் எடுத்தோம். நிறம் சின்ன விடயம்தானே என்று நினைக்க வேண்டாம். படுக்கும் இடத்தின் நிறத்தைத் தெரிவு செய்வதும் ஒரு உரிமைதான்.

"நான்கு பேருக்கு" என்று உறையில் எழுதியிருந்தால் அதை நம்பி நான்கு பேரைப் படுக்க வைக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 60 சென்றிமீற்றர் அகலம் மட்டுமே. பைகளை வைக்கவும் இடம் வேண்டும். நால்வர் கூடாரத்தில் மூவர் படுப்பதே சுகம். நாங்கள் ஐந்து பெண்களும் என் மகளும், ஆகவே இரண்டு கூடாரங்கள்.

துணி எவ்வளவு மழை தாங்கும் என்பதை மில்லிமீற்றரில் குறித்திருப்பார்கள். அந்தத் துணிமீது எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசியாமல் தாங்கும் என்பதே அந்தக் கணக்கு. 1500 என்றால் சாதாரண மழைக்குப் போதும். எங்கள் நாட்டு மாரி மழைக்கு 3000 நல்லது. தரைத்துணி அதிலும் கூடிய அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன்மேல் எமது பாரமும் அழுத்துகிறது. தையல் ஓரங்களில் உட்புறமாக ஒரு நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஊசித் துளைகளால் தண்ணீர் இறங்கும். தையல் வேலை தெரிந்த எங்கள் தங்கச்சி கடையிலேயே ஒவ்வொரு ஓரமாகத் தடவிப் பார்த்தாள்.

இரண்டு அடுக்குக் கூடாரமே எங்கள் வெப்பத்துக்கு ஏற்றது. உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி. மழை இல்லாத இரவில் வெளித்துணியைச் சுருட்டிவிட்டால் காற்று வரும், நுளம்பு வராது. வாசல் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாசல் மட்டும் உள்ள கூடாரத்தில் கடைசியாகப் படுத்திருப்பவர் எழும்பி வர மற்றவர்களைத் தாண்ட வேண்டும். அடைபட்ட உணர்வு வந்தால் அந்த நேரம் பெரிய நேரம். சிப் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் இலகுவாகத் திறக்கிறதா என்று கடையிலேயே பத்துத் தரம் இழுத்துப் பாருங்கள்.

எங்களுடன் வந்த ஒரு சகோதரிக்குச் செயற்கைக் கால். அவருக்காக ஒரு கூடாரத்தைக் குனியாமல் நுழையக்கூடிய உயரத்தில் எடுத்தோம். கூடவே ஒரு மடக்குக் கதிரை. இரவில் கழற்றி வைக்கும் காலுக்குள் மணலும் ஈரமும் போகாமலிருக்க, வாய் கட்டக்கூடிய ஒரு பை. இந்த மூன்றும் இல்லாமல் அவரைக் கூட்டிப் போயிருந்தால் அது அவருக்கு ஓய்வாக இருந்திருக்காது.

வாங்கியதும் வீட்டு முற்றத்தில் கட்டிப் பார்த்து, மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். ஓட்டை இருந்தால் வீட்டில் தெரிய வேண்டும், வழியில் அல்ல.

கொண்டு போக வேண்டியவை

நிலத்தில் விரிக்க ஒரு தறப்பாள் வேண்டும். ஆனால் அது கூடாரத்தின் அடியைவிட நாலு விரல் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி எங்கள் முதுகுக்குக் கீழே கொண்டு வந்துவிடும். அதன்மேல் பாய், போர்வை. ஆளுக்கொரு டோர்ச், மாற்று பற்றரி, ஒரு விசில். மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுதிரி, நுளம்புச் சுருள் எதையும் கூடாரத்துக்குள் கொண்டு போகக் கூடாது. அந்தத் துணி நொடியில் உருகிப் பிடித்துவிடும். மழை பெய்தாலும் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது. மூடிய கூடாரத்தில் அடுப்புப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமலேயே உயிரை எடுக்கும்.

குடிக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லீற்றராவது வேண்டும். அந்த இடத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். சிறிய காஸ் அடுப்பு ஒன்று, ஒரு பானை, கேத்தல், அகப்பை காணும். முதல் நாளைக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். மாதவிடாய்த் துணிகள், வழமையாகக் குடிக்கும் மருந்துகள், பரசிற்றமோல், ஜீவனி, காயத்துக்குக் கட்டும் துணி என்பவற்றை ஒரே பையில் வைத்து எல்லோருக்கும் காட்டி வைத்தோம்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுவிரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவர்களைத் தீண்டுவது எங்கள் நாட்டில் வழமை. வலி குறைவாக இருப்பதால் பலர் தெரியாமலே தூங்கிவிடுகிறார்கள். சிப்பை முழுதாக மூடுங்கள், செருப்பை உதறிவிட்டு அணியுங்கள், இரவில் வெளிச்சமின்றி நடக்காதீர்கள். தீண்டினால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அந்த உறுப்பை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இடம் தெரிவு செய்தல்

இடத்துக்கு முன் காலத்தைத் தெரிவு செய்ய வேண்டும். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கரையில் கடல் அமைதி, மழையும் குறைவு. ஐப்பசியில் மாரி தொடங்கினால் வடக்குக் கிழக்கில் கூடாரத்தை நினைக்கவே கூடாது.

மலைநாட்டைச் சிலர் விரும்பினார்கள். ஹோட்டன் சமவெளி 2000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் அங்கே உறைபனியும் விழும். எங்கள் போர்வைகள் அதற்குக் காணாது. அது தேசியப் பூங்கா ஆகையால் தங்குமிடத்தை வனசீவராசிகள் திணைக்களத்திடம் முற்கூட்டியே பதிய வேண்டும். வில்பத்துவிலும் அப்படியே. நக்கிள்ஸ் பக்கம் அட்டை அதிகம். 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டில் எத்தனை மண்சரிவுகளை உண்டாக்கியது என்பதைக் கண்டோம். மலைச் சரிவில் தங்கப் போகிறவர்கள் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

வன்னியில் குளக்கட்டு அழகான இடம். ஆனால் அது யானை தண்ணீருக்கு வரும் வழி. குளத்தில் முதலையும் இருக்கும். வாழைப்பழமும் அரிசியும் உப்பும் கூடாரத்தில் இருந்தால் யானை தேடி வரும். சண்டை நடந்த காடுகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை 2002 முதல் நடைபெற்றாலும், சில இடங்களில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் விறகு பொறுக்கக்கூடப் போக வேண்டாம். பலகை இல்லை என்பதற்காகவும் புதுக்காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்.

கடைசியில் நிலாவெளிக்கு வடக்கே ஒரு குடும்பத்தின் வளவைத் தெரிவு செய்தோம். ஒரு சகோதரி 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர். கடல் தெரியும் இடம் வேண்டாம் என்றார். ஆகவே கடற்கரையிலிருந்து பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில், மேட்டு நிலத்தில் இடம் கேட்டோம். கடலுக்குப் போக விரும்பியவர்கள் போய் வந்தோம். அவர் வீட்டுக்காரப் பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

பணம் கொடுக்குமுன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மலசலகூடத்துக்கு எவ்வளவு தூரம், கதவுக்கு உட்கொண்டி உண்டா, இரவில் வெளிச்சம் உண்டா என்பவை முதற் கேள்விகள். முகாமில் இருந்த காலத்தில் இரவு வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிக்காமலே படுத்தவர்கள் நாம். அந்த நிலை இனி எதற்கு? வளவில் ஒரு குடும்பம் இருக்கிறதா, கைபேசிக்குச் சிக்னல் உண்டா, வைத்தியசாலை எங்கே, வாகனம் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முதல் இரவு

கூடாரம் போடும் இடத்தைக் காட்டியவர் அக்காதான். கடைசியில் அவரும் வந்திருந்தார். தென்னைக்குக் கீழே வேண்டாம், தேங்காயும் மட்டையும் விழும் என்றார். மண்ணைப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொன்னார். வாசலைச் சோழகக் காற்றுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பச் சொன்னார். மணலில் முளை நிற்காதபோது, சீனிப் பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றில் கட்டிப் புதைக்கச் சொன்னவரும் அவரே. சாரணியத்தில் படித்த என் மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "ஆர் அம்மம்மா உங்களுக்குப் பழக்கினது?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை.

நடு இரவில் காற்று எழும்பியது. வெளித்துணி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கவில்லை. அக்கா எழும்பி சிப்பைத் திறந்து வெளியே போனார். நான் டோர்ச்சோடு பின்னால் போனேன். அவர் நடுங்கிக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போவமா அக்கா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "கயிறு தொய்ஞ்சு போச்சு. அதுதான் அடிக்குது" என்றார். இருவருமாகச் சேர்ந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துக் கட்டினோம். துணி இறுகியது. சத்தம் நின்றது. துணி பகலில் இறுகி இரவில் தளரும் என்பதால், படுக்குமுன் ஒருமுறை கயிறுகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அக்கா வாசலில் கதிரையைப் போட்டுக் கனநேரம் இருந்தார். எப்போது உள்ளே வந்து படுத்தார் என்று எனக்குத் தெரியாது. விடியும்போது நித்திரையாக இருந்தார்.

இரண்டாம் நாள் கன்னியா வெந்நீரூற்றில் குளித்தோம். இரவு கூழ் காய்ச்சினோம். யாரும் வீட்டுக்குப் போகக் கேட்கவில்லை.

திரும்பும் காலை, அவசரமாகச் சுருட்டப் போன எங்களை அக்கா நிறுத்தினார். பனி ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது உண்மை. வெயிலில் விரித்து, மணலை உதறி, முளைகளை எண்ணி, உறையில் போட்டார். முகாமை விட்டு வந்த நாளில் எங்கள் கூடாரத்தை நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. இந்தக் கூடாரம் இப்போது அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. சங்கத்தில் எவரும் இரவல் கேட்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்: காய வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும்.