பூச்சுவேலை கடைசியில்தான்

2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் செஃப்னரில், படுக்கையறையில் இருந்த ஒருவரைத் தரையோடு மண் விழுங்கியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டை இடித்துப் பள்ளத்தை நிரப்பினார்கள். 2015-லும் 2023-லும் அதே இடம் மறுபடி உள்வாங்கியது. கண்ணுக்குத் தெரியும் குழியை மூடிவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடாது.

ஏன் உள்வாங்குகிறது?

ஃபுளோரிடாவின் மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது, பொந்துகள் உருவாகின்றன. நிலத்தடி நீர் இறங்கினால் மேல்மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். 2010 ஜனவரியில் இதே மாநிலத்தின் பிளான்ட் சிட்டி பகுதி விவசாயிகள் உறைபனியிலிருந்து ஸ்ட்ராபெரியைக் காக்க 11 நாள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். நீர்மட்டம் சுமார் 60 அடி இறங்கியது. சுமார் 140 பள்ளங்கள் விழுந்தன.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

சுவரில் படிக்கட்டுபோல ஏறும் விரிசல், சிக்கிக்கொள்ளும் கதவு, சாய்ந்த தரை ஆகியவை அறிகுறிகள். ஆனால் சுருங்கும் களிமண்ணும் கசியும் குழாயும் இதே விரிசலைத் தரும். அதனால் தரைமட்டத்தை அளந்து, ரேடார் அலைகளாலும் மின்தடைச் சோதனையாலும் சந்தேகமான இடங்களைக் குறிக்கிறார்கள். அங்கே துளையிட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என எண்ணுகிறார்கள். அடிக்காமலே இறங்கினால் மண் மிகவும் தளர்ந்திருக்கிறது. துளையில் ஊற்றும் சேற்றுநீர் திடீரென மறைந்தால் கீழே பொந்து இருக்கலாம்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

முதலில் மண். பாறைவரை குழாய் இறக்கி, கெட்டியான சிமென்ட் கலவையை அழுத்தத்தோடு செலுத்தியபடியே குழாயை மேலே இழுக்கிறார்கள். கலவை பாறையின் வாயை அடைத்து, தளர்ந்த மண்ணை இறுக்குகிறது. அழுத்தம் கட்டடத்தைத் தூக்கிவிடாதபடி விடாமல் கண்காணிக்க வேண்டும். அடுத்தது அஸ்திவாரம்: தேவையானால் உறுதியான அடித்தளம்வரை எஃகுத் தூண்கள் இறக்கி, ஜாக்கியால் தாங்க வைக்கிறார்கள். சுவர் விரிசலுக்கு முறை அதன் பிறகே வரும்.

காப்பீடு?

ஃபுளோரிடா சட்டப்படி, நிலம் திடீரென இடிந்து, பள்ளம் கண்ணுக்குத் தெரிந்து, அஸ்திவாரம் உட்படக் கட்டடம் சேதமாகி, அரசு வெளியேறச் சொல்லும் பேரிழப்புக்கு வீட்டுக் காப்பீட்டிலேயே இடமுண்டு. மெல்ல மெல்ல விரிசல் விடும் வீட்டுக்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆகவே, புதிய விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். தேதியிட்டுப் படமெடுத்து, பொறியாளரை அழையுங்கள். அந்த விரிசல் மண் தரும் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம்.