முந்திக்கொள்ளும் மூக்கு

சிறிய பெட்டி. ஒரு சுவரில் வரிசையாக ஐந்து துளைகள், எதிர்ச்சுவரில் தீனித் தட்டு, நடுவே பசியோடு ஓர் எலி. ஐந்தில் ஏதோ ஒரு துளையில் அரை விநாடி விளக்கு எரிந்து அணையும். அது எந்தத் துளை என்று பார்த்து மூக்கை நுழைத்தால் தீனி விழும். ஆனால் விளக்கு எரியும்வரை ஐந்து விநாடி சும்மா இருக்க வேண்டும். எலிக்கு அதுதான் கஷ்டம். பொறுக்காமல் மூக்கை நீட்டிவிட்டால் பெட்டி இருண்டுவிடும், தீனியும் போச்சு.

1980களில் கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ் குழுவினர் வடிவமைத்த சோதனை இது. இதன் அழகே, கவனத்தையும் அவசரபுத்தியையும் தனித்தனியே அளக்க முடிவதுதான். துளையைச் சரியாகக் கண்டுபிடிப்பது கவனம். முந்திக்கொள்வது அவசரம்.

எலிக்கு ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்தை ஏற்றினால்? மிதமான அளவில் கவனம் அவ்வளவாகக் கெடுவதில்லை. முந்திக்கொள்வது மட்டும் எகிறுகிறது. மூளையின் அடிப்பகுதியில் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற இடத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பெருகுவதே காரணம். அங்கே டோபமைனை வற்றச் செய்தபின் அதே மருந்தைக் கொடுத்தபோது அந்த அவசரம் தணிந்தது.

அப்படியானால் இதே வகை மருந்தைத் துறுதுறுப்பு அடங்காத குழந்தைகளுக்கு ஏன் தருகிறார்கள்? 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தம் பராமரிப்பில் இருந்த 30 குழந்தைகளுக்குப் பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். பென்செட்ரினும் ஆம்பெட்டமைன்தான். அவர்களில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க அளவு முன்னேறினார்கள். பலர் அமைதியானார்கள்.

முரண்போலத் தெரிகிறது. ‘அவசரபுத்தி’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே குணம் அல்ல என்பதே என் புரிதல். காத்திருக்க முடியாதது ஒன்று; தொடங்கிய செயலைச் சட்டென நிறுத்த முடியாதது வேறொன்று. நிறுத்தச் சொல்லும் ஒலி கேட்டதும் கையை நிறுத்தும் சோதனையில், இயல்பாகவே நிறுத்தத் தாமதமாகிறவர்களை ஆம்பெட்டமைன் வேகப்படுத்தியது. ஏற்கெனவே சட்டென நிறுத்துகிறவர்களுக்கு அதனால் பயன் இல்லை. மருந்தின் அளவும் முக்கியம். குறைந்த அளவில் அது முன்மூளையின் கட்டுப்பாட்டுக்குத் துணைநிற்கிறது. அளவு கூடினால் அந்தக் கட்டுப்பாடே தளர்கிறது.

ஆகவே ஒரு குழந்தைக்குக் கைகொடுத்த மாத்திரை இன்னொருவருக்கும் கைகொடுக்கும் என்று சொல்ல வழியில்லை. இவ்வகை மருந்தான மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தைய இரவில் நண்பர் நீட்டினாலும், மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.