இரண்டாவது ஆசனம்

சங்கீதக் கச்சேரிக்குப் போகும் வழக்கமுள்ள நேயர்கள் ஒரு காட்சியைச் சற்றே மனத்தில் கற்பித்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தேசமெங்கும் கொடிகட்டிப் பறந்த பாகவதர் ஒருவர். திடீரென்று தொண்டை கெட்டு, நாலைந்து வருஷம் வாய் திறக்க முடியாமல் வீட்டோடு கிடந்தார். பிறகு ஒருவாறு குரல் திரும்பியது. உடனே அவர் என்ன செய்கிறார்? வேறொரு வித்வானைத் தேடிப் போய், "உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டுப் பாட எனக்கு இடம் கொடுப்பீர்களா?" என்று கேட்கிறார்.

பாகவதர்களின் சுபாவம் அறிந்தவர்கள், "இது நடக்கிற காரியமா, ஐயா!" என்று சிரிப்பார்கள். ஆனால் சங்கீத உலகில் நடக்காத இந்தக் காரியம் அமெரிக்காவில் கூடைப்பந்து உலகில் நிஜமாகவே நடந்தது. பின்பாட்டுக்கு வந்தவர் பெயர் பில் வால்டன். அவரைப் பின்னால் உட்கார்த்திக்கொண்ட கோஷ்டி, பாஸ்டன் நகரத்து ஸெல்டிக்ஸ். நடந்த வருஷம் 1985-86.

கூடைப்பந்து நமக்கு அந்நியமான ஆட்டமல்ல. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் இதை உண்டாக்கினார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணாக்கர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டைக் கூடத்தின் இரு கோடிகளிலும் உயர அறைந்து வைத்தார். அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய். எம். ஸி. ஏ. தேகப்பயிற்சிப் பள்ளியை ஸ்தாபித்தவர். ஆகவே ஸ்பிரிங்பீல்டு சங்கதி நம் வீட்டுச் சங்கதி போலத்தான்.

ஆட்டத்தின் விதிகள் சுலபமானவை. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். சம்பளத்துக்கு ஆடும் அமெரிக்கக் கோஷ்டிகளின் பந்தயம் 48 நிமிஷம் நடக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் ஓரத்தில் பெஞ்சியில் காத்திருப்பார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆறு தடவை விதி மீறிய ஆட்டக்காரர் அந்தப் பந்தயத்தில் மீண்டும் ஆட முடியாது. ஐவரில் ஒருவருக்கு 'ஸென்டர்' என்று பெயர். பெரும்பாலும் கோஷ்டியில் உயரமானவர் அவர்தான். கூடைக்கு அருகே நின்று எதிரிகளின் பந்தைத் தடுப்பதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எம்பிப் பிடிப்பதும் அவருடைய முக்கியமான வேலை. அவருக்கு விழும் இடியும் முட்டும் கொஞ்சமல்ல. கோட்டை வாசலைக் காக்கும் அந்தக் காவற்காரருக்கு மூச்சு வாங்கினால், அவரைக் கொஞ்சம் உட்காரவைத்து வேறொருவரை நிறுத்தியாக வேண்டும். வேறொருவர் எத்தகையவர் என்பதில்தான் கோட்டையின் கதி இருக்கிறது.

* * *

வால்டனுக்கு உயரம் ஆறடி பதினோரு அங்குலம். லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்துக் காலிபோர்னியா ஸர்வகலாசாலையில் ஜான் உடன் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றவர். 1973-ம் வருஷம் மார்ச்சு மாதம், ஸர்வகலாசாலைகளின் இறுதிப் பந்தயத்தில், அவர் கூடையை நோக்கி 22 தடவை பந்தை எறிந்தார். 21 தடவை விழுந்தது! அன்று அவர் எடுத்த புள்ளிகள் 44. அடுத்த வருஷம் போர்ட்லாந்து கோஷ்டியினர் தேசத்திலுள்ள புது ஆட்டக்காரர்கள் எல்லாரிலும் முதல்வராக அவரைப் பொறுக்கிக்கொண்டார்கள். 1977-ல் அந்தக் கோஷ்டி இறுதிப் பந்தயத் தொடரில் பிலடெல்பியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றது; பிறகு நான்கையும் தொடர்ந்து வென்று சாம்பியன் ஆயிற்று. ஆறாவது ஆட்டத்தில் வால்டன் 20 புள்ளி எடுத்து, 23 பந்துகளை எம்பிப் பிடித்து, எதிரிகளின் எறிகளில் எட்டைத் தடுத்தார். 1978-ல் தேசத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

இவ்வளவு உயரத்தையும் இரண்டு பாதங்கள் தாங்க வேண்டுமே! அந்தப் பாதங்கள்தான் தாங்கவில்லை. அதே 1978-ல், வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடிய பிறகு, பாதத்து எலும்பு முறிந்திருப்பது தெரிய வந்தது. அதன் பிறகு நடந்ததைக் கணக்காகச் சொன்னாலே போதும். ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள் வீதம், அடுத்த நான்கு பருவங்களில் 328 ஆட்டங்கள். அவற்றில் வால்டன் ஆடியவை பதினான்கே பதினான்கு! ஆயுளில் அவருக்கு நடந்த ரண சிகிச்சைகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. இருபத்தைந்து வயதில் சிகரத்தில் நின்றவர், முப்பதுக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பழகிப் போனார். பிறகு சிறிது தேறி ஒரு சாதாரணக் கோஷ்டியில் ஆடினார். அந்தக் கோஷ்டி தோற்பதில்தான் பேர் வாங்கியிருந்தது.

1985-ல் வால்டன் தாமாகவே பெரிய கோஷ்டிகளிடம் இடம் கேட்கத் தொடங்கினார். முதலில் லாஸ் ஏஞ்ஜலீஸ் லேக்கர்ஸை அணுகினார். பாதங்களின் எக்ஸ்-ரே படங்களைப் பார்த்ததும் அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அடுத்தபடி பாஸ்டனின் தலைவர் ரெட் அவர்பாக்குக்கு டெலிபோன் செய்தார். அச்சமயம் அந்த அறையில் பாஸ்டனின் பிரதான வீரர் லாரி பேர்ட் தற்செயலாக இருந்தாராம். வால்டன் தாம் ஆட முடியும் என்று சொன்னால் தமக்கு அந்த வார்த்தையே போதும், உடனே அழைத்துக்கொள்ளுங்கள் என்று பேர்ட் சொன்னாராம். பிற்காலத்தில் வால்டனே மகிழ்ச்சியோடு பல முறை சொன்ன கதை இது. எக்ஸ்-ரே காட்டாத ஒன்றைச் சக ஆட்டக்காரரின் கண் கண்டது என்றுதான் நாம் எண்ண வேண்டியிருக்கிறது. 1981-ல் இறுதிப் பந்தயங்களின் சிறந்த வீரராக விளங்கிய ஸெட்ரிக் மாக்ஸ்வெல்லையும், புது ஆட்டக்காரர் ஒருவரைப் பொறுக்கும் உரிமையையும் ஈடாகக் கொடுத்து, வால்டனை வாங்கினார்கள்.

* * *

பாஸ்டனில் ஸென்டர் ஸ்தானம் காலியாக இல்லை. அங்கே ராபர்ட் பாரிஷ் இருந்தார். ஏழடி உயரம், அதிகம் பேசாத மனிதர், சகாக்கள் அவரைத் 'தலைவர்' என்று அழைத்தார்கள். வால்டன் அவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஆட்டங்கள் 80. அவற்றில் ஆரம்பத்திலேயே களமிறங்கியவை இரண்டு மட்டும். மற்ற 78 ஆட்டங்களிலும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சியில் காத்திருந்து, அழைத்தபோது எழுந்து சென்றார்.

அப்படி என்ன பிரமாதமாகச் சாதித்துவிட்டார் என்று நேயர்கள் கேட்கலாம். ஆட்டத்துக்குச் சராசரி 7.6 புள்ளி, 6.8 பந்துகள் எம்பிப் பிடித்தது; களத்தில் நின்றது சுமார் 19 நிமிஷம். இந்த எண்களைப் பார்த்து யாரும் மூக்கின்மேல் விரலை வைக்கமாட்டார்கள். ஆனால் வால்டனின் கணக்கை வால்டனின் ஏட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது; பாரிஷின் ஏட்டிலும் பார்க்க வேண்டும். முந்தைய பருவத்தில் பாரிஷ் ஆட்டத்துக்குச் சராசரி 36 நிமிஷம் ஆடியிருந்தார். வால்டன் வந்த பருவத்தில் அது 32 நிமிஷத்துக்குள் குறைந்தது. நாலு நிமிஷம் அற்பமாகத் தோன்றும். 80 ஆட்டங்களுக்குக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முப்பத்திரண்டு வயது மனிதரின் முழங்கால்களுக்கு அந்த ஓய்வு அமிர்தத்துக்குச் சமானம்.

ஓய்வு தருவது மட்டும் விஷயமல்ல. முதல்வர் உட்காரும்போது ஆட்டம் இறங்கக் கூடாது, அதுதான் கஷ்டம். வால்டன் களத்துக்கு வந்தால் இறங்குவதற்குப் பதில் ஆட்டத்தின் கதியே மாறியது. பந்தைப் பிடித்துக்கொண்டு, கூடைக்கு முதுகு காட்டி நின்று, எந்தச் சகா எந்த வழியாக ஓடிவருகிறார் என்று பார்த்து அந்தக் கையில் கொண்டு சேர்ப்பதில் அவர் மகா நிபுணர். பேர்டும் அதே வித்தையில் தேர்ந்தவர். இரு மேதைகளுக்குள் பேச்சில்லாமலே சம்பாஷணை நடந்தது. பாஸ்டன் கோஷ்டி அந்தப் பருவத்தில் 67 ஆட்டங்களை வென்று 15-ஐத் தோற்றது. சொந்த ஊரில் ஆடிய 41-இல் தோற்றது ஒன்றே ஒன்று! பருவ முடிவில், பெஞ்சியிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்கு அளிக்கும் 'ஆறாவது மனிதர்' விருது வால்டனுக்குக் கிடைத்தது. தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதிப் பந்தயங்களின் சிறந்த வீரர் விருது, ஆறாவது மனிதர் விருது ஆகிய மூன்றையும் பெற்றவர் அவர் ஒருவரே.

* * *

பருவ ஆட்டங்கள் முடிந்ததும் 'பிளே-ஆஃப்' என்னும் வெளியேற்றப் பந்தயங்கள் தொடங்கும். ஒரே எதிரியோடு மீண்டும் மீண்டும் மோதித் தொடரை வெல்ல வேண்டும். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாஸ்டனுக்கு முதல் எதிரி சிகாகோ. 1986-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, சிகாகோவின் மைக்கேல் ஜார்டன் தன்னந் தனியாக 63 புள்ளி எடுத்தார். அப்படியும், இரண்டு தடவை நேரத்தை நீட்டித்த பிறகு, பாஸ்டன் 135-க்கு 131 என்று வென்றது. ஒரு கையின் அற்புதத்தைப் பல கைகளின் உழைப்பு தாண்டிவிட்டது.

பிறகு அட்லாண்டாவும் மில்வாக்கியும் விழுந்தன. இறுதியில் எதிர்ப்பட்டவர்கள் ஹூஸ்டன் கோஷ்டியார். அவர்களிடம் இரட்டைக் கோபுரங்கள் இருந்தன. ஒன்று ஏழடி உயர ஹக்கீம் ஒலாஜுவான், வயது 23. மற்றொன்று ஏழடி நாலு அங்குல ரால்ப் ஸாம்ப்ஸன். பாரிஷ் ஒருவரே 48 நிமிஷமும் இந்தக் கோபுரங்களின் அடியில் நிற்பதென்றால் என்ன ஆகும்? தளர்வார், அல்லது ஆறு பிழை செய்து வெளியேறுவார். பாஸ்டனிடமோ, ஒருவர் உட்கார்ந்தால் எழுந்து வர இன்னொரு கோபுரம் பெஞ்சியில் காத்திருந்தது.

முதல் இரண்டு ஆட்டங்கள் பாஸ்டனுக்கு, மூன்றாவது ஹூஸ்டனுக்கு. ஜூன் 3-ந் தேதி ஹூஸ்டனில் நான்காவது ஆட்டம். அதை இழந்தால் இரண்டுக்கு இரண்டு. எதிரியின் கை ஓங்கிவிடும். கடைசி நிமிஷங்களில் இரு பக்கமும் 101 என்று சமமாக நின்றன. பேர்ட் தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுத்தார். ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. பிறகு பாஸ்டன் எறிந்த பந்து ஒன்று தவறித் திரும்பியது. நெடிய கைகள் பல அதற்குப் பாய்ந்தன. அவற்றினிடையே வால்டனின் கை அதைப் பற்றி, மறுகணம் கூடைக்குள் சேர்த்தது. ஆட்டம் 106-க்கு 103 என்று முடிந்தது. ஜூன் 8-ந் தேதி பாஸ்டனில் ஆறாவது ஆட்டத்தை 114-க்கு 97 என்று வென்று, ஸெல்டிக்ஸ் தங்கள் பதினாறாவது சாம்பியன் பட்டத்தைப் பெற்றார்கள். சிறந்த வீரர் என்று மாலை விழுந்தது பேர்டுக்கு. அது நியாயமே.

இதில் பெஞ்சிக்காரருக்கு எவ்வளவு பங்கு என்று சந்தேகப்படுகிறவர்கள் அடுத்த வருஷத்தைப் பார்க்கலாம். 1986-87-ல் வால்டனின் பாதம் மறுபடியும் கைவிட்டது. பருவத்தில் அவர் ஆட முடிந்தது பத்தே ஆட்டங்கள். பாரிஷ் சராசரி 37 நிமிஷத்துக்கு மேல் உழைக்க நேர்ந்தது. பிரதான வீரரான கெவின் மக்ஹேல் முறிந்த பாதத்தோடு ஆடினார். அப்படியும் பாஸ்டன் இறுதிவரை போய் லேக்கர்ஸை எதிர்த்தது. 1987 ஜூன் 9-ந் தேதி நான்காவது ஆட்டம். சில விநாடிகளே பாக்கி. பாஸ்டன் ஒரு புள்ளி முன்னால். லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜப்பார் எறிந்த இலவச எறி தவறித் திரும்பியது. பந்து பாஸ்டன்காரர் கையில் பட்டு, பிடிபடாமல் எல்லைக்கு வெளியே போயிற்று. அடுத்த கணம் மாஜிக் ஜான்ஸன் கூடையில் போட்டார். 107-க்கு 106. தொடரும் லேக்கர்ஸுக்கே போயிற்று. வால்டன் முழு பலத்தோடு இருந்திருந்தால் அந்தப் பந்தைப் பிடித்திருப்பார் என்று நாம் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் முதல் வருஷம் திரும்பி வந்த ஒரு பந்து கையில் சேர்ந்தது. மறு வருஷம் திரும்பி வந்த ஒரு பந்து கை நழுவியது. இவ்வளவும் சரித்திரம்.

வால்டன் அதன் பிறகு ஆடவில்லை. இருபத்தெட்டு வயது வரையில் திக்குவாயால் அவதிப்பட்ட அந்த மனிதர், பிற்காலத்தில் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் ஆட்டங்களை வர்ணித்துப் பெயரெடுத்தார். 1993-ல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். 2024-ம் வருஷம் மே 27-ந் தேதி, 71-வது வயதில் காலமானார். பாஸ்டனில் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இழந்த உயிர் திரும்பக் கிடைத்தவரைப் போல் அவர் நன்றியோடு பேசுவார்.

நம் வீடுகளிலும் காரியாலயங்களிலும் சங்கங்களிலும், 'இரண்டாவது நாற்காலியில் நான் உட்காருவதா?' என்ற கேள்வியால் எத்தனை நல்ல காரியங்கள் நின்று போகின்றன என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. அப்படிக் கேட்பவர்களில் பலர் முதல் நாற்காலியில் ஒரு நாளும் உட்காராதவர்கள்! முதல் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் சுகத்தை முற்றும் அறிந்து, பிறகு இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் வால்டன். அடுத்த முறை கச்சேரிக்குப் போகும்போது, முன்னால் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் சுருதி குலையாமல் ராகத்தை ஏந்திக்கொள்ளும் பின்பாட்டுக்காரரையும் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சபாஷ் சொல்வதில் ஒன்று அவருக்கும் சேரட்டும்.