குளிர்காலமும் நம் கைகளும்

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்குக் குளிர் முதலில் தெரிவது கைகளில்தான். ஸ்வெட்டரும் ரஜாயும் உடம்பைக் காக்கும். சமையலறையிலும் குழாயடியிலும் புழங்கும் கைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தோல் வெளுத்து, சொரசொரத்து, அரித்து, கடைசியில் விரல் மடிப்புகளில் வெடிப்பு விடுகிறது. புளி கரைத்தால் எரிகிறது. மிளகாய் கிள்ளினால் சொல்லவே வேண்டாம். நான் வைத்தியர் அல்ல. பல குளிர்காலங்களை இங்கே கழித்த குடும்பத்தலைவி என்ற முறையில், படித்ததையும் செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

வறட்சியும் குளிர்ச்சியும் வாதத்தின் குணங்கள் என்கிறது ஆயுர்வேதம். அவற்றுக்கு மாற்று எண்ணெய்ப் பசையும் வெதுவெதுப்பும். வாதத்துக்கு நல்லெண்ணெயே சிறந்தது என்பது அதன் முடிவு. நாம் வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயமோ அப்பியங்கத்தை அன்றாடக் கடமையாகச் சொல்கிறது. ஹேமந்த ருதுவுக்குத் தனியாகவும் விதிக்கிறது. மார்கழியும் தையும்தானே நம் பஞ்சாங்கத்தில் ஹேமந்தம்!

எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கிறது. எனவே நன்றாகக் காய்ந்துவிட்ட கையில் தடவுவதைவிட, கழுவி ஒற்றித் துடைத்தவுடன், லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டு தடவுவது மேல். ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் இதைச் செய்ய வேண்டும். கீசரில் கொதிக்கக் கொதிக்க வரும் நீர் இதமாகத்தான் இருக்கும்; ஆனால் தோலின் சொந்தப் பசையையும் சோப்போடு சேர்த்துக் கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான நீரே போதும். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறையும், அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறையும் போட்டுக்கொள்ளலாம். ஹீட்டருக்கு நேராகக் கையைக் காட்டிச் சூடேற்றுவதும் வறட்சியைக் கூட்டும்.

தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் பாட்டிலை வெந்நீரில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லும் கடுகெண்ணெய் வெடித்த தோலில் எரிச்சல் தரும், வேண்டாம்.

இரவில் சுத்தமான நெய்யைத் தடவிப் பருத்திக் கையுறையோ பழைய காலுறையோ போட்டுக்கொண்டு தூங்கலாம். செப்புப் பாத்திரத்தில் நெய்யை 100 முறை நீர்விட்டுக் கழுவிச் செய்யும் சததௌத கிருதம், வெண்ணெய் போல மிருதுவாக இருக்கும். தேன்மெழுகு, மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சும் பிண்ட தைலமும் ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கிறது. அதிலுள்ள மெழுகு, தோலின் மேல் மெல்லிய போர்வையாக நிற்கும். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எல்லா அரிப்பும் குளிரால் வருவதல்ல. ஒரு கையில் மட்டும் செதிலாக உதிர்ந்தால் படையாக இருக்கலாம். விரல் இடுக்குகளில் இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் சொறியாக இருக்கலாம். நீர்க் கொப்புளம், சீழ், வீக்கம் கண்டாலும், சர்க்கரை வியாதிக்காரருக்கு வெடிப்பு ஆறாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உள்ளங்கை வெடிப்பை ‘விபாதிகா’ என்று தனி நோயாகவே ஆயுர்வேதமும் எண்ணுகிறது. மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் நாமாகத் தடவக் கூடாது. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். ஆனால் படை இருந்தால் உள்ளே பரவும், நாளடைவில் தோலும் மெலிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் பெண், காலையிலிருந்து நாலைந்து வீட்டுப் பச்சைத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வருகிறாள். அவள் கை வெடித்தால் அன்றைய கூலியே போய்விடும். குழாயடியில் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரும், ஒரு ஜோடி கையுறையும், சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெயும் வைப்பது நமக்குப் பெரிய செலவல்ல. இந்த மார்கழியிலேயே தொடங்குவோமே!