குளிர்ச்சியில் கிடைக்கும் குதிரைத்திறன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி, பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏறும் சாலையில் எந்த வண்டியின் யோக்கியதையும் தெரிந்துவிடும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டரில் கிளம்பி, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியைத் தொடுவதற்குள் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மலைக்குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கி அந்த இழப்பில் கொஞ்சத்தை ஈடுகட்டும். அப்படியும் சிலிண்டருக்குள் போகிற காற்று அடிவாரத்தில் போனதைவிடக் குறைவுதான். காற்று குறைந்தால் எரிகிற பெட்ரோலும் குறையும், இழுவையும் குறையும்.

இந்தக் குறையைத் தீர்க்க உதவுவதுதான் சூப்பர்சார்ஜர். உயரே போகப் போகத் திணறிய விமான என்ஜின்களுக்குத்தான் அது பெரிதும் கைகொடுத்தது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி அது. டர்போ செய்வதும் இதே வேலைதான். ஆனால் அதைச் சுழற்றுவது சைலன்சர் பக்கம் வெளியேறும் வாயு. எதுவானாலும் ஒரு சிக்கல் உண்டு. காற்றை அழுத்தினால் அது சூடாகும். 35 டிகிரி வெயிலில் உள்ளே இழுக்கும் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், ஏட்டுக் கணக்கிலேயே அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். எந்தக் கருவியும் முழுத் திறனோடு இயங்குவதில்லை என்பதால், நடைமுறையில் 120, 130 டிகிரிகூட ஆகலாம்.

அவ்வளவு சூடான காற்றோடு பெட்ரோலைக் கலந்து, பிஸ்டன் இன்னும் நெருக்கினால் என்ன ஆகும்? ஸ்பார்க் பிளக் தொடங்கிவைத்த தீ பரவி முடிவதற்குள், ஒரு மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் 'நாக்கிங்' என்கிறார்கள், 'என்ஜின் தட்டுது' என்றும் சொல்வார்கள். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். ஆக, ஒரு சூப்பர்சார்ஜர் காரின் சக்திக்கு வரம்பு கட்டுவது பெரும்பாலும் இரும்பின் வலிமை அல்ல, எரிபொருளின் பொறுமை.

அந்தப் பொறுமை எத்தனாலுக்கு ஏராளம். 2006இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் தன் எக்ஸீஜ் எஸ் என்ற சிறிய பந்தயப் பாணிக் காரை, 85 சதவீதம் எத்தனால் கலந்த 'இ85' எரிபொருளுக்கு மாற்றிக் காட்டியது. டொயோட்டாவின் 1.8 லிட்டர் என்ஜின், அதன்மேல் ஒரு சூப்பர்சார்ஜர். பெட்ரோலில் 218 குதிரைத்திறன் தந்த அந்த என்ஜின் எத்தனாலில் 264 தந்தது. காருக்கு 265இ என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே சுவீடனின் கோனிக்செக் நிறுவனம் இரட்டை சூப்பர்சார்ஜர் பூட்டிய தன் 4.7 லிட்டர் வி8 என்ஜினை இதே வழியில் கொண்டுபோனது. பெட்ரோலில் 806 ஆக இருந்த குதிரைத்திறன் இ85இல் 1,018 ஆனது. 2023இல் வந்த அமெரிக்காவின் டாட்ஜ் டெமன் 170 காரும் அப்படித்தான்: 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் 900, இ85இல் 1,025. டெமனில் ஒரே கார், ஒரே என்ஜின். டேங்கில் ஊற்றியது மட்டும் வேறு.

இத்தனைக்கும் எத்தனால் பெட்ரோலைவிட வெப்பம் குறைந்த சரக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் கிடைக்கும், எத்தனாலில் 21தான். மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். பிறகு எங்கிருந்து வந்தது கூடுதல் பலம்?

முதலாவது, என்ஜினுக்கு லிட்டர் கணக்கு தெரியாது. அது பார்ப்பது காற்றின் கணக்கை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனைத் தானே சுமந்து வருவதால் அதற்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே சிலிண்டரில் இருக்கும் அதே காற்றுக்கு எத்தனாலை அதிகமாக ஊற்றலாம். கூட்டிக்கழித்தால் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதுவரை நஷ்டமில்லை, லாபமும் இல்லை.

லாபம் ஆவியாவதில் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவிய இடம் சில்லென்று ஆகுமே, அந்த ஸ்பிரிட்டின் வேலைதான் இங்கேயும். ஒரு கிலோ எத்தனால் ஆவியாகச் சுமார் 900 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பெட்ரோலுக்கு 350 போதும். அதோடு ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் எத்தனாலின் அளவும் அதிகம் என்பதால், குளிர்விக்கும் திறன் நான்கு மடங்காகிறது. முழுதும் காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்தால் பெட்ரோல் 24 டிகிரி இறக்கும், எத்தனால் 100 டிகிரி இறக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் குழாய்ச் சுவரும் வால்வும் ஒரு பங்கைத் தந்துவிடுவதால் அவ்வளவு இறங்காது. ஆனாலும் சூப்பர்சார்ஜர் சூடேற்றிய காற்றுக்கு அது பெரிய நிவாரணம். கூடவே எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. நம் பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் 91 முதல் 95க்குள். கலவை குளிர்ந்து, தட்டும் பயமும் போனபிறகு அழுத்தத்தைக் கூட்டலாம், தீப்பொறியைச் சரியான தருணத்துக்கு முன்தள்ளலாம். லோட்டஸின் அந்த 46 குதிரைத்திறன் இப்படி வந்ததுதான்.

இதைப் புரிந்துகொண்டால், நம் ஊரில் நடக்கும் இ20 சண்டைக்கும் விடை கிடைத்துவிடும். 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்ட 20 சதவீதக் கலப்பு, 2025இல் நாடு முழுக்கப் பரவியது. "மைலேஜ் குறைஞ்சிருச்சுங்க" என்று பங்க்கில் ஒருவர் சொன்னால், ஆக்டேன் கூடியிருக்கிறது என்று அரசு பதில் சொல்கிறது. இரண்டுமே உண்மை. அழுத்தம் குறைவான பழைய என்ஜினுக்கு அந்தக் கூடுதல் ஆக்டேனால் ஒரு பயனும் இல்லை. வெப்பக் குறைவு மட்டும் பில்லில் ஏறும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று ஒத்துக்கொள்கிறது. எத்தனாலை மதிக்கத் தெரிந்த என்ஜின்களை முதலில் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு எரிபொருளை மாற்றியிருக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்தோம் என்பது என் கருத்து.

அந்த மாதிரி என்ஜின் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஓசூரின் டிவிஎஸ், 2019 ஜூலையிலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி ஆர்டிஆர் 200 பைக்கை டெல்லியில் அறிமுகம் செய்தது. ஊற்ற அப்போது பங்க் இல்லை, அவ்வளவுதான். இந்தியன் ஆயில் தன் 'எத்தனால் 100' எரிபொருளை 2024 மார்ச்சில்தான் ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் விற்கத் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெயரில் 100 இருந்தாலும் உள்ளே எத்தனால் சுமார் 93 சதவீதம்தான். 5 சதவீதம் பெட்ரோல்.

அந்தக் கொஞ்சம் பெட்ரோலின் அருமை ஊட்டிக்குப் போனால் தெரியும். 13 டிகிரிக்குக் கீழே எத்தனால் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடாது. மேட்டுப்பாளையத்தில் எந்த மாதத்திலும் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் எத்தனால் கார், ஜனவரி உறைபனியில் ஊட்டியில் நிறுத்திவைத்தால் மறுநாள் காலை இருமிக்கொண்டே நிற்கும். ஆவியாகும்போது வெப்பத்தைத் தின்னும் அதே குணம்தான் இங்கே எதிரி. பிரேசிலில் 1979இலிருந்து எத்தனால் கார்கள் ஓடுகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்றை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். இ85இல் இருக்கும் 15 சதவீதப் பெட்ரோலும் முக்கியமாக இந்த வேலைக்குத்தான்.

கரும்பிலிருந்து வரும் நம் எத்தனாலின் பூர்வீகத்தைத் தேடினாலும் கோவைக்கே வந்து சேர்வோம். 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த வெள்ளைக் கரும்பை நாணல் இனத்துக் காட்டுக்கரும்போடு இணைத்து உருவாக்கிய 'கோ 205', 1918இல் வயலுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த 'கோ' ரகங்கள்தான் வட இந்தியச் சர்க்கரை ஆலைகளை நிரப்பின. அதே நிலையத்தில் பணியாற்றிய ஈ.கே. ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்து 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இன்று எத்தனால் ஆலைகளில் இந்த இரண்டு பயிர்களும் போட்டியிடுகின்றன, மக்காச்சோளம் முந்திவிட்டது. பல்லடம் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கரும்புப் பக்கம் தண்ணீர்ப் பிரச்சினை. சர்க்கரை வழியில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. பவானிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. உண்ணத் தகாத அழுகல் உருளைக்கிழங்கிலிருந்தும் காய்ச்சலாம் என்று 2018 உயிரி எரிபொருள் கொள்கை அனுமதிக்கிறது. நீலகிரிக் கிழங்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் அதற்குக் கழிவு கிடைக்கும், ஆலையை ஓட்டும் அளவுக்குக் கிடைக்காது.

சரி, சூப்பர்சார்ஜர் கார் வைத்திருக்கும் ஒருவர் உண்மையிலேயே மாற்ற நினைத்தால்? இ85க்கு அதே காற்றுக்குச் சுமார் 40 சதவீதம் அதிக எரிபொருள் பாய வேண்டும். ஆகவே பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப். பழைய நைட்ரைல் ரப்பர் ஓஸ் உப்பி வெடிக்கும் என்பதால் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர். எத்தனால் டேங்கில் பல வருடம் படிந்த கசடைக் கிளறிவிடும். முதல் சில நாட்களிலேயே ஃபில்டர் அடைக்கும். பிறகு என்ஜினின் கணினியான இசியூவில் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் புதிதாக எழுத வேண்டும். எரிபொருள் வகை ஆர்சியில் பதிவாகியிருப்பதால் சாலையில் ஓட்ட ஆர்டிஓ அனுமதி வேண்டும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதென்றால் அந்தக் கவலை கிடையாது.

பெரிய ஆபத்து இவற்றில் எதுவும் அல்ல. எத்தனாலுக்கென்று சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை ஏற்றிவைத்த காரில் ஒருநாள் அவசரத்துக்குச் சாதா பெட்ரோலை ஊற்றிவிடுவதுதான் பிஸ்டனைக் கொல்லும். அதனால் குழாயிலேயே சென்சார் வைப்பார்கள். மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி இசைகிறது என்பதைக் காட்டும் 'டைஎலெக்ட்ரிக்' எண் பெட்ரோலுக்கு 2, எத்தனாலுக்கு 25ஐ ஒட்டியது. அந்த வித்தியாசத்தை அளந்து எத்தனை சதவீதம் எத்தனால் என்று இசியூவுக்கு நொடிக்கு நொடி சொல்லிவிடும். சென்சார் இல்லாதவர்களுக்கு அளவுகோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய் போதும். 10 மில்லி தண்ணீர், 90 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 28 மில்லியை ஒட்டி நின்றால் அது இ20. அந்தக் காருக்கு அது ஆகாது.