படகுக்குக் காதுகுத்து

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், படகின் பளபளப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டில் கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் அழுதுவிடுவார்! அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் ஒரு வீட்டு வாசல். டிரெய்லர் மேல் படகு. பக்கத்தில், அட்டைப்பெட்டியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த அலுமினியக் குழாய்கள். வேக்போர்டு டவர் ஏறப்போகிறது: படகின் பின்னால் பலகையில் நின்று அலையில் எகிறுகிறவரை இழுக்கும் கயிற்றை உயரே கட்டுவதற்கான சட்டம். மெக்கானிக் யாரும் கிடையாது. சொந்தக் கை, சொந்த டிரில், சொந்தப் படபடப்பு.

ஊரும் பொருத்தமான ஊர்தான். நாட்டிக் படகுகளைக் கட்டும் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் அவர்களுடைய படகுகள் தொழிற்சாலையிலிருந்தே டவரோடு வரத் தொடங்கின. அதற்கு முன்னால் படகின் நடுவே நெட்டையாக ஒரு கம்பத்தை நட்டு, அதில் கயிற்றைக் கட்டுவார்கள். கயிறு தாழ்வாக இருந்தால் அலையில் எகிறுகிறவரைக் கீழே இழுக்கும். உயரே கட்டினால் எகிறியவர் கண்ணிமைக்கும் நேரமாவது கூடுதலாக அந்தரத்தில் நிற்கலாம். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை கூத்து!

முதலில் ஒத்திகை. இரண்டு பேர் டவரைத் தூக்கி, துளை எதுவும் போடாமல் படகின் மேல் சும்மா நிறுத்துகிறார்கள். இஞ்ச் டேப் வெளியே வருகிறது. படகின் முனையிலிருந்து டவரின் இரண்டு முன்பாதங்களுக்கும் தூரம் ஒன்றா? வலது முன்பாதத்திலிருந்து இடது பின்பாதத்துக்கும், இடது முன்பாதத்திலிருந்து வலது பின்பாதத்துக்கும் ஒரே அளவா? கொஞ்சம் பிசகினாலும் பின்னாலிருந்து பார்க்க டவர் கோணல்தான், ஆயுசுக்கும்.

அடுத்தது விளம்பரப் படங்களில் காட்டாத காட்சி: சாமான் வைக்கும் அறைக்குள் தலையை நுழைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவழும் ஒரு மனிதர். பாதம் உட்காரும் இடத்துக்கு அடியில் ஸ்பானர் நுழையுமா என்று பார்க்கிறார். நுழையவில்லை. ஸ்பீக்கரைக் கழற்று, கப் ஹோல்டரைக் கழற்று!

இப்போது டிரில். நல்லாயிருக்கிற படகில் ஓட்டை போடுவது காதுகுத்து மாதிரி. பிள்ளையைவிடப் பெற்றவருக்குத்தான் கண் கலங்கும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப். பிட்டை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு ஜெல்கோட்டைத் தேய்க்கிறார். எடுத்ததுமே நேர்த்திசையில் சுழலவிட்டு அழுத்தினால் சில்லு பெயர்ந்துவிடும். பிறகுதான் உள்ளே இறக்கம். துளையின் வாயைச் சற்றுச் சரிவாகச் செதுக்கிவிட்டால், போல்டை முறுக்கும்போது சிலந்திவலை விரிசல் விழாது. ஃபைபர்கிளாஸ் தூள் பறக்கிறது. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், நீங்களும்தான்!

எனக்குப் பிடித்த சாமான் இனிமேல்தான் வருகிறது: அடியில் வைக்கும் தடித்த அலுமினியத் தகடு. கரையில் நின்று பார்க்கிற யார் கண்ணிலும் இது படாது. ஆனால் கயிறு இழுக்கும் விசையை அகலமாகப் பரப்பி, போல்ட் பிய்த்துக்கொண்டு வராமல் காப்பது இதுதான். சின்ன வாஷர் போதும் என்கிறவர் படகில் நான் ஏறமாட்டேன். துளைக்குள் படகுக்கான சீலன்ட் தாராளமாகப் போகிறது. அது இல்லாவிட்டால், உள்ளே மரம் இருக்கும் படகில் தண்ணீர் கசிந்து மரம் உளுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்டும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிப்போகும் குணமுள்ளவை. அதனால் மரையில் ஒரு பூச்சு மசகு. எல்லாப் போல்டையும் முதலில் தளர்வாகக் கோத்து, பிறகு மாற்றி மாற்றி இறுக்குகிறார்கள்.

நிமிர்ந்துவிட்டது! பிடித்து ஆட்டினால் படகே ஆடுகிறது, டவர் ஆடவில்லை. பிள்ளைகள் அதற்குள் காற்றடைத்த டியூபோடு ஓடிவருகிறார்கள். அது மட்டும் கூடாது. டியூப் தண்ணீருக்குள் மூக்கைக் குத்தினால் விழும் வெட்டிழுப்பு டவருக்கு ஆகாது. அதன் கயிறு படகின் பின்புற வளையத்துக்குத்தான். டவர் மேல் ஏறி உட்காருவதும் கூடாது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு போல்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததா? எங்கே! போர்டு மாட்ட ரேக் வேண்டும், நிழலுக்குத் துணிக்கூரை வேண்டும். குழாய்க்குள் ஒயர் இழுக்க நூலை விட்டுத் துழாவிக்கொண்டே ஒரு தகராறு ஓடுகிறது: ஸ்பீக்கர் இரண்டா, நாலா? வீட்டுக்கார அம்மா ஒன்றுகூட வேண்டாம் என்கிறார்.